எஸ்எல்கேயா, இசட்4-ஆ? கோலாலம்பூர் மழையில் கூரைதான் முடிவு செய்யும்

நான் இரண்டு வருடத்துக்கு முன் கூரையை மடித்துத் திறக்கும் பழைய கார் ஒன்று வாங்கினேன், 2007 மெர்சிடிஸ் எஸ்எல்கே 200 கொம்ப்ரசர். அதற்கு முன் மூன்று மாதம் இதுவா, இதே மாதிரி கூரை மடியும் பிஎம்டபிள்யூ இசட்4-ஆ என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். இப்போது என் மச்சான் அதே குழப்பத்தில் இருக்கிறான்.

ஓட்டும் சுகம் மட்டும் போதுமென்றால் இசட்4 தான். நான் பார்த்தது 2.5 எஸ்ஐ, ஆறு சிலிண்டர், 218 குதிரைத்திறன். ஒரே ஒரு காலை உலு யாம் வளைவுகளில் ஓட்டினேன், அவ்வளவுதான் என் அனுபவம், ஆனாலும் மனசு அங்கேயே நின்றுவிட்டது. என்னுடையது 163 தான். சாலை வரி எனக்கு ஏறத்தாழ 278 வெள்ளி, அதற்கு 877.

சரி, கூரைக்கு வருவோம். செந்தூலில் எங்கள் வீட்டுக்கு மூடிய பார்க்கிங் கிடையாது, அங்சானா மரத்தடிதான். சாயங்காலம் நாலு மணிக்குக் கொட்டுகிற மழையில் உதிர்ந்த இலையெல்லாம் கார் மேல்தான் கிடக்கும். முதல் தலைமுறை இசட்4-இல் துணிக் கூரையைத் தூக்கும் மோட்டார், மழைநீர் வடியும் குழியின் அடியிலேயே உட்கார்ந்திருக்கிறது. வடிகால் துளை அடைத்தால் தண்ணீர் தேங்கி மோட்டார் மூழ்கிவிடும், அதை வெளியே எடுப்பதே பெரிய வேலை. விஷயம் தெரிந்தவர்கள் மோட்டாரை பின்பக்கம் சாமான் வைக்கும் பூட் பகுதிக்குள் மாற்றி வைத்துக்கொள்கிறார்கள். நான் பார்க்கப் போன காரில் அந்தக் குழிக்குள் விரலை விட்டேன், கறுப்புச் சேறாக மக்கிய இலை ஒட்டிக்கொண்டு வந்தது. அங்கேயே ஆசை பாதி போய்விட்டது.

எஸ்எல்கேயின் உலோகக் கூரை 22 வினாடியில் மடியும், மூடிவிட்டால் சாதாரண கூபே மாதிரி வெயிலும் மழையும் தாங்கும். ஆனால் கார் நின்றால்தான் இயங்கும், திடீர் மழைக்கு ஓரம் கட்டத்தான் வேண்டும். 300 லிட்டர் பூட் கூரையை மடித்ததும் 208 ஆகிவிடும், அதனால் ஈப்போவுக்குப் போனால் ஆளுக்கொரு பைதான். பராமரிப்பு இல்லாமலும் இல்லை. நம் வெயிலில் கூரை ஓர ரப்பர் காய்ந்து சுருங்கும், மாதம் ஒரு முறை துடைத்து ரப்பர் கிரீஸ் தடவுகிறேன். வயதானால் கூரையைத் தூக்கும் ஹைட்ராலிக் சிலிண்டர்களில் எண்ணெய் கசியலாம், பூட் ஓரங்களில் ஈரம் தெரிகிறதா பாருங்கள். எஞ்சினை மட்டும் காலையில் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். முதல் சில வினாடி கடகடவென்று சத்தம் வந்தால் எஞ்சினுக்குள் இருக்கும் டைமிங் செயின் தேய்ந்திருக்க வாய்ப்புண்டு, விலை எவ்வளவு குறைத்தாலும் நான் தொடமாட்டேன்.

இத்தனையும் சொல்லியும் மச்சான் இசட்4 பக்கமே சாய்கிறான், அவன் வீட்டில் காரை நிறுத்தக் கூரை போட்ட போர்ச் இருக்கிறது, அதனால் நான் தடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு கார் பார்க்கப் போகிறோம். ஒரு பெரிய பாட்டில் தண்ணீர் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன், வடிகாலில் ஊற்றினால் கீழே தரையில் ஒழுக வேண்டும்.