இரும்பு டியூப் அறுக்கக் கிரைண்டரா, பேண்ட் சாவா, வெறும் ஹாக்ஸாவா?

கருவி வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, "இதில் எத்தனை அங்குல டியூப் போகும்?" என்றுதான். வீட்டு வேலையில் அந்தக் கேள்விக்குப் பெரிய மதிப்பில்லை. மேசைக்கால், அலமாரிச் சட்டம், கைப்பிடிக் கம்பி என்று வீட்டில் அறுபடுவதெல்லாம் பெரும்பாலும் 20 முதல் 50 மி.மீ.க்குள் அடங்கிவிடும். கருவியைத் திணறடிப்பது சுவரின் தடிமன். 40 மி.மீ. சதுர டியூப் என்றாலும் 1.2 மி.மீ. சுவர் ஒரு வேலை, 3 மி.மீ. சுவர் வேறு வேலை. அடுத்தது, முனை எவ்வளவு நேராக வேண்டும் என்பது. அதே 40 மி.மீ. டியூபில் வெட்டு ஒரு டிகிரி சாய்ந்தால் ஒரு பக்கம் 0.7 மி.மீ. இடைவெளி விழும். மெல்லிய சுவரில் அதை வெல்டு வைத்து நிரப்பப் போனால் ஓட்டைதான் மிஞ்சும்.

இந்த இரண்டையும் வைத்து ஒவ்வொரு கருவியாகப் பார்க்கலாம்.

ஹாக்ஸாவை, அதாவது இரும்பு அறுக்கும் கை ரம்பத்தை, மட்டமாக நினைக்க வேண்டாம். மொத்தமே பத்துப் பதினைந்து வெட்டு என்றால் வேறெதுவும் வாங்கத் தேவையில்லை. அதற்குக் கெட்ட பெயர் வருவது பிளேடால்தான். அங்குலத்துக்கு 18 பல் பிளேடில் ஒரு பல்லுக்கும் அடுத்ததற்கும் 1.4 மி.மீ. இடைவெளி. 1.2 மி.மீ. சுவர் அந்த இடைவெளிக்குள் விழும், பல் மாட்டும், முறியும். எந்த நேரமும் குறைந்தது மூன்று பல்லாவது உலோகத்தில் பதிந்திருக்க வேண்டும் என்பது பட்டறைக் கணக்கு. மெல்லிய டியூபில் 32 பல் பிளேடுகூட இதற்கு எட்டாது, 1.2 மி.மீ.க்குள் ஒன்றரைப் பல்தான் நிற்கும். அதனால் டியூபை ஒரே மூச்சில் மேலிருந்து கீழாக அறுக்கக் கூடாது. ஒரு முகத்தை மட்டும் அறுத்து, டியூபைத் திருப்பி, அடுத்த முகத்துக்குப் போக வேண்டும். பிளேடு முகத்தின் மேல் படுத்து ஓடும்போது நிறையப் பற்கள் பதியும். வட்ட டியூபிலும் இதே முறைதான்: உள்சுவர் தெரிந்ததும் கொஞ்சம் திருப்பி, அதே வெட்டில் தொடர வேண்டும். திருப்ப முடியாத இடத்தில் ரம்பத்தை 45 டிகிரி சாய்த்துப் பிடித்தால், அந்தச் சுவரில் பிளேடு கடக்கும் நீளம் 1.7 மி.மீ. ஆகும், இரண்டு பல்லுக்கு மேல் உட்காரும்.

வாங்கும்போது பை மெட்டல் பிளேடாக (முதுகு வளையும் எஃகு, பல் கடின எஃகு) பார்த்து வாங்குங்கள். அது வளையும், உடையாது. முழுக்கக் கடினப்படுத்திய பிளேடு நேராக ஓடும், ஆனால் கை சற்றுத் திரும்பினால் இரண்டாகும். சுவர் 2 மி.மீ.க்கு மேல் என்றால் 24 பல், கீழே என்றால் 32. பற்கள் முன்னோக்கிப் பார்க்க மாட்டி, விரலால் சுண்டினால் 'டிங்' என்று கேட்கும்வரை முறுக்க வேண்டும். வெட்டு வளைந்து ஓடுவதற்குப் பாதிக் காரணம் தளர்ந்த பிளேடு. நிமிடத்துக்கு 40 முதல் 60 இழுப்பு போதும், அதற்கு மேல் வேகம் பல்லைத்தான் சுடும். பாதி வெட்டில் பிளேடு தேய்ந்துபோனால், புதியதைப் பழைய வெட்டுக்குள் விடாதீர்கள். புதுப் பிளேடின் பற்கள் இருபக்கமும் அதிகம் விரிந்திருக்கும், பழைய குறுகிய தடத்தில் இறுகி முறியும். எதிர்ப்பக்கத்திலிருந்து புதிதாகத் தொடங்குங்கள். மெல்லிய வட்ட டியூபை வைஸில் வெறுமனே இறுக்கினால் நசுங்கும்; வி வடிவத்தில் வெட்டிய இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவில் வைத்துப் பிடியுங்கள்.

சக்கரம் வைத்த டியூப் கட்டருக்கு ஒரு பத்தி போதும். வட்டத்துக்கு மட்டுமே ஆகும், ஆனால் அந்த வட்டத்தில் அதைவிட நேரான வெட்டு கையால் கிடைக்காது. ஒரு முழுச் சுற்றுக்கு ஒருமுறை, திருகைக் கால் சுற்றுதான் இறுக்க வேண்டும். அவசரப்பட்டால் டியூப் முட்டை வடிவமாகும். சக்கரம் ஒரே கோட்டில் ஓடாமல் திருகுபோல் நகர்ந்தால் சக்கரமோ உருளையோ தேய்ந்துவிட்டது என்று பொருள். ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீலுக்குத் தனிச் சக்கரம் வேண்டும். உள்பக்கம் உதடு மடங்கித் துவாரம் குறுகும். அதைக் குடைந்து எடுக்காமல் உள்ளே எதுவும் நுழையாது. வாங்கும்போது அளவில் ஏமாற வேண்டாம்: அரை அங்குலப் பைப் என்பதன் வெளிவிட்டம் 21.3 மி.மீ. டியூபைத்தான் வெளிவிட்டத்தால் சொல்வார்கள், பைப்பை அப்படிச் சொல்வதில்லை.

கையில் பிடித்து வட்ட வீலைச் சுழற்றும் ஆங்கிள் கிரைண்டர்தான் பெரும்பாலான வீடுகளுக்கு முதல் மின்கருவி. அறுக்கும், உரசும், துரு எடுக்கும், இடத்திலேயே போய் வெட்டும். ஆனால் நேராக அறுக்கும் கருவி அல்ல. வெட்டு நேராக வருவது முழுக்கக் கையையும் கோட்டையும் பொறுத்தது. சதுர டியூபில் மூலைமட்டம் வைத்து நான்கு முகத்திலும் கோடு போட வேண்டும். முதல் கோடும் கடைசிக் கோடும் சந்திக்காவிட்டால் டியூபோ மட்டமோ சரியில்லை. வட்ட டியூபில் நேர் ஓரமுள்ள காகிதத்தைச் சுற்றி, ஓரங்கள் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தினால் அந்த ஓரமே கோடு. முதலில் நான்கு முகத்திலும் கோட்டில் மேலாகத் தடம் போட்டு, பிறகு ஆழமாக இறங்குங்கள். ஒரு முகத்திலிருந்து நேரே மறுமுகம்வரை இறக்கினால் கீழே 2 மி.மீ. விலகியிருக்கும்.

கட்டிங் வீல் 1 மி.மீ. தடிமனே போதும். தடித்த வீல் நீடித்து உழைக்கும் என்று வாங்குகிறார்கள். அது சூட்டையும் பிசிறையும்தான் கூட்டும். வீலின் மேல் எழுதிய சுற்று வேகம் கிரைண்டரின் வேகத்தைவிடக் குறையவே கூடாது: 125 மி.மீ. வீலுக்கு வழக்கமாக 12,200, 115க்கு 13,300. காவலைக் கழற்றிவிட்டுப் பெரிய வீல் மாட்டுவது வீல் சிதற வழி. பிசின் பிணைப்பு வீலுக்குக் காலாவதித் தேதி உண்டு, நடுவளையத்தில் அடித்திருப்பார்கள். ஈரத்தில் கிடந்த வீலைத் தூக்கிப் போடுங்கள். வெட்டும் வீலின் பக்கவாட்டால் உரசக் கூடாது. அதற்கு 6 மி.மீ. கிரைண்டிங் வீல் இருக்கிறது. கிரைண்டர் துள்ளுவதற்கு முக்கியக் காரணம் வெட்டு மூடிக்கொள்வது. இரண்டு முனையையும் முட்டுக் கொடுத்து நடுவில் அறுத்தால் டியூப் தொய்ந்து வீலைக் கவ்வும். அறுந்து விழும் பக்கம் தொங்கியபடி இருக்கட்டும்.

தீப்பொறி பற்றி ஒரு வார்த்தை. ஜன்னல் கண்ணாடியில் பட்டால் குழி விழும், தரை ஓட்டில் ஒட்டினால் துருப்புள்ளி வரும். மரத்தூள் கிடக்கும் அறையில் அறுக்கவே வேண்டாம். வெளியில் அறுத்தாலும் முடிந்து அரைமணி நேரம் ஒரு கண் வைத்திருங்கள்.

355 மி.மீ. வீல் சுழலும் கட் ஆஃப் மெஷின் பார்க்கப் பலசாலி. பட்டறைக்குப் பொருந்தும், வீட்டுக்கு நாங்கள் கடைசியாகத்தான் சொல்வோம். சத்தம் அதிகம், பொறி அதிகம், 2.5 முதல் 3 மி.மீ. உலோகம் ஒவ்வொரு வெட்டிலும் போய்விடும். 6 மீட்டர் டியூபை ஆறாக வெட்டினால் ஐந்து வெட்டு, 3 மி.மீ. வீதம் 15 மி.மீ. காலி, கடைசித் துண்டு 985 மி.மீ. தான் இருக்கும். வீல் லேசாக வளைவதால் வெட்டும் சாயும், அழுத்தினால் இன்னும் சாயும். மெஷினில் பொறித்த கோணக் குறியை நம்பாமல் மூலைமட்டம் வைத்துத் தடுப்பைச் சரிசெய்யுங்கள். சதுர டியூபைத் தட்டையாக வைத்தால் வீல் முழு அகலத்தையும் ஒரே நேரத்தில் கடித்துச் சூடேறும். வி கட்டையில் மூலை மேலே வரும்படி நிறுத்தினால் வேகமாக அறுபடும்.

அதே உருவத்தில் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளில் பல் வைத்த பிளேடு சுழலும் மெஷின் வேறு சாதி. நிமிடத்துக்கு 1,300 முதல் 1,500 சுற்றுதான். தூளுக்குப் பதில் சுருள் விழும், முனையை உடனே தொடலாம். குறை ஒன்றே: பிளேடு. டியூப் அசைந்தால் பல் உதிரும், மாற்றுவது செலவு. இந்தப் பிளேடைக் கட் ஆஃப் மெஷினில் மாட்ட நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அதன் வேகம் 4,000ஐ ஒட்டியது, பற்கள் தோட்டாவாகும். மரம் அறுக்கும் மைட்டர் சாவில் இரும்பு அறுக்கும் வீல் மாட்டுவதும் இதே வகைப் புத்திசாலித்தனம்: பிளாஸ்டிக் காவல் உருகும், தூள்பை பற்றிக்கொள்ளும்.

வாரம் தவறாமல் அறுப்பவருக்கு எங்கள் தேர்வு பேண்ட் சா, அதாவது வளையமாகச் சுற்றி ஓடும் பட்டைப் பிளேடு ரம்பம். கையில் பிடிக்கும் வகையில் 1,140 மி.மீ. பிளேடு ஓடும் அளவு பரவலாகக் கிடைக்கிறது. அதை ஒரு மேசைத் தாங்கியில் மாட்டினால் நிலையான மெஷினாகவும் ஆகும். பொறியில்லை, சத்தம் குறைவு, பிசிறு கொஞ்சம்தான். சுவர் 2 மி.மீ.க்குக் கீழ் 24 பல், 3 மி.மீ. சுற்றி 14 அல்லது 18. வேகம் சாதா இரும்புக்கு நடுத்தரம், ஸ்டெய்ன்லெஸுக்கு அதில் பாதி. முன்தடுப்பை டியூபில் ஒட்டவைத்த பிறகே பட்டனை அழுத்துங்கள், இல்லாவிட்டால் பிளேடு டியூபை இழுத்துத் தடுப்பில் அறையும். மெஷினின் எடையே போதும், அழுத்தத் தேவையில்லை. புதுப் பிளேடை முதல் சில வெட்டுக்குப் பாதி அழுத்தத்தில் ஓட்டினால் ஆயுள் நீளும். வெட்டு ஒருபக்கம் ஓடுகிறதென்றால் பிளேடை மாற்றும் முன் மூன்றைப் பாருங்கள்: அழுத்தம் அதிகமா, இழுவிசை குறைவா, பிளேடை வழிநடத்தும் தாங்கிகள் டியூபிலிருந்து தள்ளி நிற்கின்றனவா.

துத்தநாகம் பூசிய கால்வனைஸ்டு டியூபைக் கிரைண்டரில் அறுத்தால் துத்தநாகப் புகையும் தூளும் வரும். காற்றோட்டமும் முகமூடியும் தேவை, அல்லது ரம்பமோ பேண்ட் சாவோ போதும். ஸ்டெய்ன்லெஸ் டியூபுக்கு அதற்கென்றே எழுதிய வீலைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். சாதா இரும்பு அறுத்த வீல் பட்ட இடம் சில நாளில் துருப்பிடிக்கும்.

எந்தக் கருவியில் அறுத்தாலும் அரைவட்ட அரம் ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும். வெளிப்பிசிறு கண்ணுக்குத் தெரியும், கையைக் கிழிப்பது உள்பிசிறு. பிளாஸ்டிக் மூடி முனையில் இறங்க மறுத்தால் சுத்தியலைத் தேடாமல் முதலில் உள்ஓரத்தில் அரத்தை நான்கு இழுப்பு இழுத்துப் பாருங்கள்.