ராக்போர்ட்டில் ஒரு முழு லாப்ஸ்டர்

அப்பா தூத்துக்குடியிலிருந்து வந்த மூன்றாம் நாள், பாஸ்டன் கடலோரத்தில் வெள்ளை மேசைவிரிப்பு போட்ட ஓர் உணவகத்துக்குக் கூட்டிப் போனேன். நம் சிங்கி இறால் போன்ற லாப்ஸ்டரை நெடுக்காகப் பிளந்து, ரொட்டித் தூளும் சீஸும் அடைத்து, அடுப்பில் வாட்டிக் கொண்டுவந்தார்கள். வால் சதை ரப்பர் போல இழுத்தது. அப்பா மீன்பிடித் துறைமுகம் பக்கம் ஐஸ் கம்பெனியில் முப்பது வருஷம் கணக்குப் பார்த்தவர், மீன் விஷயத்தில் அவரை ஏமாற்ற முடியாது. ஒரு துண்டை விரலால் பிய்த்து முகர்ந்துவிட்டு, "நல்ல சரக்குதாம்மா. இப்படி வாட்டி வதக்கிட்டாங்களே" என்றார். பில்லைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

அடுத்த சனிக்கிழமையே நார்த் ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். ராக்போர்ட் அந்தப் பாதையின் கடைசி நிறுத்தம். ஒன்றேகால் மணி நேரம் போல ஆகும். வழியில் சேறும் புல்லுமாக உப்பங்கழிகள் வரும், ஜன்னல் பக்கம் உட்காருங்கள். ஸ்டேஷனிலிருந்து கடல் வரை நடந்தே போய்விடலாம். பேர்ஸ்கின் நெக் என்று கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குறுகலான தெரு, இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் கடைகள். அதில் ஒன்றுதான் ராய் மூர் லாப்ஸ்டர் கம்பெனி. 1918-இலிருந்து இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் நம் ஊர் மீன் வாடி மாதிரி இருக்கும். மேசைக்கு வந்து கேட்டுப் பரிமாற யாரும் கிடையாது. உள்ளே போய்ச் சொல்லி, வாங்கிக்கொண்டு, பின்பக்கம் துறைமுகத்தைப் பார்த்த மரத்தளத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவ்வளவுதான்.

லாப்ஸ்டர் எடைக்குத்தான் விலை. அது தினமும் மாறும், அதனால் நான் கொடுத்ததை இங்கே எழுதிப் பயனில்லை. ஒன்றேகால் பவுண்டுக்காரன் ஒருவருக்குப் போதும், நம் கணக்கில் 570 கிராம் வரும். அதில் சதையாகக் கால் பங்கு தேறினாலே பெரிது. பெரிய உருப்படியாக ஒன்று வாங்கிப் பங்கு போடுவதைவிட, சிறியதாக ஆளுக்கொன்று வாங்குங்கள்.

இன்னொன்றையும் கேட்டு வாங்க வேண்டும்: ஓடு கெட்டியா, மிருதுவா? கோடையில் லாப்ஸ்டர் பழைய ஓட்டைக் கழற்றிப் புது ஓடு போடும். அந்தப் புது ஓட்டுக்குள் சதை இன்னும் முழுசாக நிறைந்திருக்காது, தண்ணீர்தான் இருக்கும். அதனால் விலையும் குறைவாக இருக்கும். ஆனால் சதை இனிக்கும், ஓடு கையாலேயே உடையும். நாங்கள் போனது ஆகஸ்ட், இரண்டும் இருந்தது. ஒவ்வொன்று வாங்கி மாற்றி மாற்றிச் சாப்பிட்டுப் பார்த்தோம். எனக்குப் பிடித்தது மிருதுவான ஓடுதான். கெட்டி ஓடுதான் வயிற்றை நிறைக்கும் என்பது அப்பா கட்சி.

அப்பா முதலில் கேட்டது சினை இருக்குமா என்று. வெளியே முட்டை சுமக்கும் பெண் லாப்ஸ்டரை இங்கே யாரும் கரைக்குக் கொண்டுவர முடியாது, கடலிலேயே விட்டுவிட வேண்டும் என்பது சட்டம் என்றேன். பல இடங்களில், விடும் முன் வால் மடலில் ஒரு சின்ன வெட்டும் போடுவார்கள். அடுத்த முறை முட்டை இல்லாமல் பொறியில் மாட்டினாலும் அந்த வெட்டைப் பார்த்துத் திரும்ப விட்டுவிட வேண்டும். முதுகு ஓடு மூன்றேகால் அங்குலம் இல்லாத குட்டியும் கடலுக்கே போகும். அப்பா கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அதான் நூறு வருஷமா கடை நடக்கு" என்றார்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். ஆவியில் வேகவைத்தது, பக்கத்தில் ஒரு கிண்ணம் உருக்கிய வெண்ணெய். மசாலா இல்லை, மாவு இல்லை. உயிரோடு இருந்தபோது பாசி நிறத்தில் இருந்தது செக்கச்சிவந்து வந்தது. முதலில் வாலைப் பாருங்கள், உள்பக்கமாக நன்றாகச் சுருண்டிருக்க வேண்டும். உயிரோடு பானைக்குள் போனதற்கு அதுதான் அடையாளம். தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைப்பதைவிட ஆவிதான் எனக்குப் பிடிக்கும். சதைக்குள் தண்ணீர் ஏறாது, கடல் உப்பு மட்டும் லேசாக நாக்கில் நிற்கும்.

நம் கடல் சிங்கி இறாலுக்கு இந்தப் பெரிய கொடுக்குகள் கிடையாது, நீளமான முள் மீசைதான். அதனால் அப்பா கொடுக்கைக் கையில் எடுத்து வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டும் ஒன்று போல இருக்காது. ஒன்று தடித்து, மழுங்கிய பல்லோடு இருக்கும், அது சிப்பியை நொறுக்க. மற்றது மெலிந்து கூராக இருக்கும், அது கிழிக்க. தடித்த கொடுக்கை இடுக்கியால் ஒரே அழுத்தாக அழுத்தி ஓட்டைக் கழற்றினால் சதை கட்டைவிரல் வடிவத்தில் முழுசாக வரும். அதை வெண்ணெயில் முக்கி வாயில் போட்டதும் அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். கொடுக்கும் உடம்பும் சேரும் கணுக்களை விட்டுவிடாதீர்கள். தோண்டி எடுப்பது சிரமம்தான், ஆனால் இருப்பதிலேயே ருசியான சதை அங்கேதான் இருக்கிறது. வாலின் நுனி மடல்களை ஒடித்துவிட்டு விரலை விட்டுத் தள்ளினால் சதை அப்படியே வெளியே வழுக்கும். நடுவே ஓடும் கறுப்பு நரம்பை உருவிப் போட்டுவிடுங்கள்.

சின்னக் கால்களைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் குப்பையில் போட்டார்கள். அப்பா ஒவ்வொன்றையும் முருங்கைக்காய் மாதிரி கடித்து உறிஞ்சினார். நானும் அப்படியே செய்தேன். எட்டுக் காலிலும் சாறு இருக்கிறது.

உடம்புக்குள் பச்சையாகக் கூழ் போல இருப்பது அதன் ஈரல். ருசிதான், ஆனால் கடலில் கலக்கும் நச்சு அதில் சேரும் என்பதால் அதைத் தவிர்க்கும்படி மாசசூசெட்ஸ் சுகாதாரத் துறை சொல்கிறது. அப்பாவைத் தொடவிடவில்லை. சிவப்பாக உருண்டிருந்தால் அது இன்னும் வெளியே வராத சினை, தாராளமாகச் சாப்பிடலாம். எங்கள் இரண்டில் ஒன்றில் இருந்தது. அது யாருக்குப் போனது என்று சொல்லவே வேண்டாம்.

குறை என்றால், உட்கார இடம் குறைவு. பன்னிரண்டு மணிக்கு முன்னால் போய்விடுங்கள். வயிறு நிறைய வேறு ஏதாவது வேண்டுமென்றால் கிளாம் சௌடர் என்ற கெட்டியான சிப்பி சூப் வாங்கிக்கொள்ளலாம். நாங்கள் வீட்டிலிருந்து இரண்டு எலுமிச்சம்பழமும், ஒரு பொட்டலத்தில் உப்பும் மிளகாய்த்தூளும் கொண்டுபோயிருந்தோம். மிளகாய்த்தூள் தேவைப்படவே இல்லை. ஈரத் துண்டு ஒன்று கட்டாயம் வேண்டும், வெண்ணெய் முழங்கை வரை வழியும்.

சாப்பிட்டுவிட்டு எதிர்க்கரையில் இருக்கும் சிவப்புக் குடிசையைப் பார்க்கப் போனோம். மோட்டிஃப் நம்பர் ஒன் என்று பெயர். ஓவியர்கள் வரைந்து வரைந்தே புகழ்பெற்ற இடம். 1978 பனிப்புயலில் பழையது அடித்துக்கொண்டு போய், இப்போது இருப்பது திரும்பக் கட்டியது. இந்த ஊருக்கு இன்னொரு கதையும் உண்டு. 1856-இல் ஹன்னா ஜம்பர் என்ற தையல்காரப் பாட்டி தலைமையில் இருநூறு பேர் அளவில் பெண்கள் கைக்கோடரியோடு கிளம்பிச் சாராயப் பீப்பாய்களை உடைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு பெரும்பாலும் மதுவிலக்கு ஊராகவே இருந்து, 2005-இல்தான் உணவகங்களில் மது பரிமாற ஊர் ஒப்புக்கொண்டது. அப்பாவுக்கு இந்தக் கதை லாப்ஸ்டருக்குச் சமமாகப் பிடித்துப்போனது. திரும்பும் ரயிலில் அம்மாவுக்கு ஃபோன் போட்டு முதலில் சொன்னதே அதைத்தான்.

குளிர்காலத்தில் இந்தப் பக்கத்துக் கடைகள் பலவும் மூடியிருக்கும், கூப்பிட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். வார இறுதியில் ரயில்களும் குறைவு, திரும்பும் ரயில் நேரத்தை முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அப்பா அக்டோபர் வரை இருக்கிறார். அதற்குள் இன்னொரு தடவை போவோம், அப்போது கால்களை யாரும் குப்பையில் போடுவதற்குள் கேட்டு வாங்கிவிட வேண்டும் என்கிறார்.