போர் தண்ணி டெஸ்ட் பண்ண ரெண்டு லேப் - என் அனுபவம்

வீடு ராணிப்பேட்டை பக்கம். குரோமியம்ங்கிற மெட்டல் என்னன்னு எங்க ஊர்ல யாருக்கும் பாடம் எடுக்க வேணாம், மூடிப்போன குரோமேட் கம்பெனில லட்சக்கணக்கான டன் கழிவு கெடக்கு, மழை பேஞ்சா தண்ணி மஞ்சளா ஓடும்னு சின்ன வயசுலேர்ந்து கேட்டு வளந்தவங்க. அதான் புது போர் போட்டதும் டெஸ்ட் பண்ணிடலாம்னு எறங்குனேன்.

அதுக்குள்ள ஆர்ஓ விக்கிறவர் டிடிஎஸ் பேனாவோட வந்துட்டாரு. 900 காட்டுது சார், விஷம் சார்னாரு. அந்த பேனா தண்ணில கரண்ட் எவ்ளோ ஓடுதுன்னு பாத்து மொத்த உப்ப குத்துமதிப்பா சொல்லும், அவ்ளோதான். ஈயம், குரோமியம் எல்லாம் லிமிட்ட விட பத்து மடங்கு இருந்தாலும் அந்த நம்பர் அசையாது.

மொத லேப் (பேர் வேணாம்) ரேட் கம்மி, "ஃபுல் பேக்கேஜ்". ஒரு பையன் வந்தான், மோட்டார கொஞ்ச நேரம் ஓட விடாமலே டேங்க் பைப்புல பழைய கூல்டிரிங்ஸ் பாட்டில்ல புடிச்சி பைக்ல மாட்டிட்டு போய்ட்டான். நாலு நாள்ல ரிப்போர்ட். குரோமியம்: பிடிஎல், அதாவது மெஷின் புடிக்கிற அளவுக்கும் கீழ. அம்மா சாமிக்கு வெளக்கே ஏத்திட்டாங்க.

சித்தப்பா பையன் ஒருத்தன் தோல் கழிவு சுத்திகரிப்பு ஆலை லேப்ல வேலை பாக்குறான். ரிப்போர்ட்ட பாத்துட்டு சிரிக்கிறான், "ண்ணா, அவங்க மெஷின் புடிக்கிற அளவே லிட்டருக்கு 0.1 மில்லிகிராம்னு கீழ பொடி எழுத்துல போட்ருக்கான், குடிதண்ணிக்கான இந்திய தர அளவு ஐஎஸ் 10500ல லிமிட்டே 0.05 தான்". அதாவது லிமிட்ட தாண்டி 0.08 இருந்தாலும் பிடிஎல்னுதான் வரும். மூட்ட நிறுக்கிற தராசுல மூக்குத்திய வச்சிட்டு முள்ளு அசையல, தங்கமே இல்லன்னு சொல்ற கத. குடுத்த காசு போச்சு.

ரெண்டாவது லேப் சென்னைல. இவங்களுக்குத்தான் இந்த ரிவியூவே. ஃபோன்லயே "மொத்த குரோமியமா, ஹெக்ஸாவேலன்ட்டா?"ன்னு கேட்டாங்க, அப்பவே நம்பிக்க வந்துச்சு. ஏன்னா தண்ணில குரோமியம் ரெண்டு வகையா இருக்கும், கேன்சர் வரவைக்கிறது ஹெக்ஸாவேலன்ட் தான், ட்ரைவேலன்ட் அவ்ளோ ஆபத்து இல்ல. ரெண்டு பாட்டில் குடுத்தாங்க. மொத்த குரோமியம் பாக்குற பாட்டில்ல நைட்ரிக் ஆசிட் விட்ருக்கும், உள்ள இருக்குற மெட்டல் பாட்டில் சுவத்துல ஒட்டிக்காம இருக்க. இன்னொன்னு ஹெக்ஸாவேலன்ட்டுக்கு, அதுல அந்த ஆசிட் விடக்கூடாது, விட்டா ஹெக்ஸாவேலன்ட் ட்ரைவேலன்ட்டா மாறிடுமாம், ஐஸ்ல வச்சி 24 மணி நேரத்துக்குள்ள சேக்கணும். டைஃபீனைல்கார்பசைட்னு ஒரு கெமிக்கல் விட்டா ஊதா கலந்த செவப்பு வரும், அந்த கலர் அழுத்தத்த 540 நானோமீட்டர்ல அளப்பாங்க. மொத்த குரோமியத்துக்கு ஐசிபி-எம்எஸ்னு ஒரு மெஷின், அது லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் இருந்தாலும் சொல்லிடும்.

கொற என்னன்னா வீட்டுக்கு வந்து எடுக்க மாட்டாங்க. வாலாஜா ரோட்ல ட்ரெய்ன் ஏறி ஐஸ் பாக்ஸ மடில வச்சிட்டு போனேன், பக்கத்து சீட் பெரியவர் "மீனாப்பா?"ன்னாரு. அஞ்சு நாள்னு சொல்லிட்டு எட்டு நாள் இழுத்தாங்க, நடுவுல ஃபோன் எடுக்கல. மொத லேப்ப விட மூணு மடங்கு பில்லு வேற.

ஆனா ரிப்போர்ட் ரிப்போர்ட்டு! ஒவ்வொரு வரிக்கும் என்ன மெத்தட், எவ்ளோ வரைக்கும் புடிக்கும், ஐஎஸ் லிமிட் எவ்ளோன்னு பக்கத்துலயே இருக்கு. குரோமியம் 0.008, தப்பிச்சோம். ஆனா நைட்ரேட் 71! லிமிட் 45. மொத லேப்போட "ஃபுல்" பேக்கேஜ்ல நைட்ரேட்டே இல்லங்க. குரோமியத்துக்கு பயந்துட்டு இருந்தவனுக்கு நம்ம வீட்டு செப்டிக் டேங்க் கசிஞ்சி நைட்ரேட் ஏறுதோன்னுதான் இப்ப சந்தேகம். காய்ச்சி குடிச்சாலும் நைட்ரேட் போகாது, தண்ணி சுண்டுனா இன்னும் கூடத்தான் செய்யும். வீட்ல கைக்கொழந்த இருக்கு, அன்னைக்கே கேன் தண்ணி சொல்லிட்டோம்.

நீங்க எந்த லேப் போனாலும் என்ஏபிஎல் (லேப்புகளுக்கு அங்கீகாரம் குடுக்குற அமைப்பு) முத்திரைய மட்டும் பாக்காதீங்க, என்ஏபிஎல் சைட்ல அந்த லேப்போட ஸ்கோப்ப, அதாவது எந்தெந்த டெஸ்டுக்கு அங்கீகாரம்ங்கிற லிஸ்ட்ட தொறந்து உங்களுக்கு வேண்டிய டெஸ்ட் அதுல இருக்கா, எந்த அளவுலேர்ந்துன்னு பாருங்க. வெறும் உப்பு, கடினத்தன்மை, ஃப்ளோரைடு போதும்னா மாவட்டத்துல இருக்குற குடிநீர் வடிகால் வாரிய லேப்லயே கட்டணம் கட்டி பாத்துக்கலாம், சென்னை வரைக்கும் அலைய வேணாம்.

சென்னை லேப்புக்கு அஞ்சுக்கு நாலு. ஒன்னு ஃபோன் எடுக்காததுக்கு கட். செப்டிக் டேங்க சரி பண்ணிட்டு மழைக்கப்புறம் நைட்ரேட் மட்டும் திரும்ப அங்கயே குடுக்கப் போறேன்.