மூன்று அரக்க விளையாட்டுகள்: கதை வாயில் இருக்கிறதா, கையில் இருக்கிறதா?

ராட்சத மிருகங்கள் அடித்துக்கொள்ளும் வீடியோ விளையாட்டுக்குக் கதை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மதுரைக்காரர் அப்படிக் கேட்கக் கூடாது. ஒத்தக்கடையில் படுத்திருக்கும் யானைமலை, மேற்கே நீண்டு கிடக்கும் நாகமலை, திருப்பரங்குன்றம் போகும் வழியில் பசுமலை மூன்றும், தலபுராணப்படி, ஊரை அழிக்க ஏவப்பட்ட மாய உருவங்கள். யானை சொக்கநாதரின் அம்பில் விழுந்தது. நாகத்தைப் பாண்டியனே எய்தான். ஆனால் அது கக்கிய நஞ்சைப் போக்க இறைவன் வரவேண்டியிருந்தது. பசுவின் எதிரே நந்தி போனார். அவர் அழகில் மயங்கியே அது உயிரை விட்டது. எதிரி மூன்று, சண்டையும் மூன்று வகை. யார் எப்படிப்பட்டவர் என்பது மோதலிலேயே தெரிந்துவிடுகிறது.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டுதான் மூன்று விளையாட்டுகளைப் பார்க்கிறேன்: 2002-இல் நிண்டெண்டோவின் கேம்கியூப் கருவிக்கு வந்த ‘காட்ஸில்லா: டெஸ்ட்ராய் ஆல் மான்ஸ்டர்ஸ் மெலீ’, 2003-இல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த ‘வார் ஆஃப் தி மான்ஸ்டர்ஸ்’, 2022-இல் மலேசியாவின் பேஷன் ரிபப்ளிக் நிறுவனம் வெளியிட்ட ‘கிகாபாஷ்’. இந்த வகைக்கு இவற்றைவிட மூத்தவர்கள் உண்டு. 1991-இல் எஸ்.என்.கே. வெளியிட்ட ‘கிங் ஆஃப் தி மான்ஸ்டர்ஸ்’ ஜப்பானிய நகரங்களை மல்யுத்தக் களமாக்கி, எதிரியைத் தரையோடு அழுத்திப் பிடித்தால்தான் வெற்றி என்றது. அதற்கு மரியாதை செலுத்திவிட்டு நகர்ந்துவிடலாம். இன்று ஆடினால் அரை மணி நேரத்தில் அலுத்துவிடும்.

கதையில் முதல் இரண்டும் ஒரே குட்டையில் ஊறியவை. காட்ஸில்லாவில் வோர்டாக் என்னும் வேற்றுக்கிரகவாசிகள் பூமியின் அரக்கர்கள் எல்லோருடைய மூளையையும் பிடித்துவிடுகிறார்கள். ஒன்று மட்டும் தப்புகிறது, அதுதான் நாம். நகரம் நகரமாக அடித்து முன்னேறி, கடைசியில் இயந்திர கிங் கிடோரா என்னும் அரக்கனைச் சந்திக்கிறோம். எந்த அரக்கனைத் தேர்ந்தாலும் பாதை இதேதான். ரோடனுக்கும் கைகனுக்கும் கதையில் ஒரு வித்தியாசமும் இல்லை. பழைய படங்களிலிருந்து வந்த பெயர்களே கதையைச் சுமக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். படங்களைப் பார்த்தவருக்கு அது போதும். பார்க்காதவருக்கு முன்னால் நிற்பது வெறும் பல்லிகளும் பறவைகளும்தான்.

வார் ஆஃப் தி மான்ஸ்டர்ஸிலும் படையெடுப்பு உண்டு. பறக்கும் தட்டுகளை மனிதர்கள் சுட்டு வீழ்த்த, அவற்றிலிருந்து கசிந்த கதிரியக்க எரிபொருளே அரக்கர்களை உருவாக்குகிறது. இதையும் நாலு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் விளையாட்டு முழுவதும் 1950-களின் மலிவான அமெரிக்கத் திகில் படம் போலவே நடந்துகொள்கிறது. தொடக்க மெனுவே காரில் அமர்ந்து படம் பார்க்கும் திறந்தவெளித் திரையரங்காக விரிகிறது. கதையைச் சொல்வது வசனமல்ல, களம். சுனோபோலிஸ் நகரத்தில் ஆழிப்பேரலை புகுந்து தெருக்களை மூழ்கடிப்பதைப் பார்த்தவருக்கு வேறு முன்கதை வேண்டியதில்லை.

கைச்சண்டையிலும் இதன் குணம் அதுவே. காங்கர் என்ற குரங்கு கட்டடத்தில் தொற்றி ஏறுகிறது. உச்சியிலிருக்கும் ஆன்டெனாவைப் பிடுங்கி, ஈட்டியாக எறிகிறது. அது எதிரியின் உடலில் குத்தி நின்றுவிட்டால் சில நொடிகள் அவன் தடுமாறுகிறான். அந்த நொடிகளில் ஓடிப் போய் அடிக்கலாம், அல்லது பச்சை உருண்டையைத் தேடி உயிரை ஏற்றிக்கொள்ளலாம். நம் மேல் எறியப்பட்ட காரைச் சரியான நொடியில் பிடித்துத் திருப்பி எறிவதில் இருக்கும் திருப்தி, இந்த மூன்றில் வேறெந்த அசைவிலும் இல்லை. குறையும் உண்டு: வெறும் கையால் அடிக்கும் அடிகளில் வகை குறைவு, கேமராவோ சந்துக்குள் போனால் சுவரையே காட்டிக்கொண்டிருக்கும்.

காட்ஸில்லாவின் பலம் இதற்கு நேர் எதிர். குத்து, உதை, பிடித்து எறிதல், ஆற்றல் சேர்ந்ததும் வாயிலிருந்து கதிர்; இவ்வளவுதான், ஆனால் நேரம் பார்த்து அடிப்பவனுக்கே வெற்றி. கட்டடத்தைத் தூக்கி எறியலாம் என்றாலும் நகரம் இங்கே துணைப்பாத்திரம். எனக்குப் பொருத்தமில்லாதது அளவு விஷயம். படங்களில் 1990-களின் முற்பகுதிக் காட்ஸில்லா 100 மீட்டர். 2000-ஆம் ஆண்டு உருவம் 55 மீட்டர், அதாவது மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தைவிடச் சில அடிகளே உயரம். விளையாட்டிலோ இருவரும் தோளோடு தோள் நிற்கிறார்கள். சண்டை சமமாக இருக்க இது தேவைதான். ஆனால் யார் பெரியவன் என்ற கேள்விதானே இந்த வகையின் உயிர்?

அந்தக் கேள்வியை விளையாட்டாகவே மாற்றியது கிகாபாஷ். அடித்தும் இடித்தும் ஆற்றலைச் சேர்த்தால் அரக்கன் கண்ணெதிரே வீங்கிப் பெரிதாகிறான். எதிரியும் பெரிதாவதற்குள் முடித்துவிட வேண்டும். இருவருமே அந்த நிலைக்கு அருகில் இருக்கும்போது சண்டையின் வேகம் மாறிவிடுகிறது: தற்காப்பில் இருந்தவன்கூட விளிம்பிலிருக்கும் கட்டடங்களை நோக்கி ஓடுவான். கதையிலும் இதுவே முந்துகிறது. கொரோகாங், பிபிஜூராஸ், வுல்லி, தண்டட்ராஸ் நால்வருக்கும் தனித்தனிக் கதைப்பகுதி உண்டு. பனிமனிதனான வுல்லிக்கும் மனிதர்கள் கட்டிய இயந்திரமான தண்டட்ராஸுக்கும் சண்டை போடக் காரணம் ஒன்றாக இருக்க முடியாது என்பதை இதை எழுதியவர்கள் உணர்ந்திருக்கிறார்கள். மற்ற அரக்கர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை என்பது வருத்தம். கட்டடம் போல உருமறைந்து நிற்கும் காங்க்ரீட் என்ற அரக்கனின் கதையைத்தான் நான் முதலில் கேட்டிருப்பேன்.

ஆக, வாயால் சொன்ன கதையில் கிகாபாஷ், கையால் சொன்ன கதையில் வார் ஆஃப் தி மான்ஸ்டர்ஸ். என் ஓட்டு இரண்டாவதற்கே. நான்கு மாசி வீதிகளையும் வைகைப் பாலங்களையும் யாராவது களமாக வரைந்தால், அவற்றை இந்த விதிகளோடு ஆடவே விரும்புவேன்; மற்ற இரண்டிலும் அவை பின்னணிப் படமாகிவிடும்.

வாங்குவதற்கு முன் பார்க்கவேண்டியது வீட்டு டிவியை. காட்ஸில்லாவும் கிகாபாஷும் நான்கு பேர் வரை எல்லோரையும் ஒரே காட்சிக்குள் அடைக்கின்றன. சிறிய திரையில் தன் அரக்கன் எங்கே என்று தேடுவதே தனிச் சண்டை. வார் ஆஃப் தி மான்ஸ்டர்ஸில் இருவர்தான் ஆடலாம். விலகினால் திரை இரண்டாகப் பிரியும், நெருங்கினால் ஒன்றாகும். அது 2015-இல் பிளேஸ்டேஷன் 4-க்கும் வந்துவிட்டது. காட்ஸில்லாவுக்கு மட்டும் பழைய டிஸ்க்கையும் பழைய கருவியையும் தேடி அலைய வேண்டும். அத்தை பிள்ளைகள், சித்தப்பா பிள்ளைகள் என்று நாலைந்து பேர் கூடும் சித்திரைத் திருவிழா விடுமுறைக்கு என்றால் யோசிக்காமல் கிகாபாஷை வாங்கிவிடுங்கள். தோற்றவன் எழுந்து அடுத்தவனுக்கு இடம் கொடுக்க அதிக நேரம் ஆகாது.