ஒற்றை நாற்றா, நேரடி விதைப்பா: வயல் விழாவில் தெரியாத களைக் கணக்கு

நெல் மகசூலைக் கூட்டும் வழிகளைக் காட்டிய ஒரு வயல் விழாவில், ஒரே வரப்பின் இருபுறமும் இரண்டு செயல்விளக்கத் திடல்கள் இருந்தன. ஒன்று திருந்திய நெல் சாகுபடி முறையில் ஒற்றை நாற்று நட்டது. மற்றது முளைகட்டிய விதையை டிரம் சீடர் என்னும் உருளை விதைப்பானால் நேரடியாக விதைத்தது. இரண்டிலும் கதிர் தலைசாய்ந்து நின்றது. எதைத் தேர்ந்தெடுப்பது என்று புரியாமல் திரும்பினேன். பிறகு இரண்டையும் என் வயலில் அருகருகே செய்து பார்த்தேன். இப்போது ஒற்றை நாற்றின் பக்கம்தான் நிற்கிறேன்.

நேரடி விதைப்பின் லாபங்கள் கண்கூடு. நாற்றங்கால் வேண்டாம், நாற்றுப் பறிப்பு வேண்டாம், நடவுக்கு ஆள் தேட வேண்டாம். பிடுங்கி நடும் அதிர்ச்சி பயிருக்கு இல்லாததால் ஏழு முதல் பத்து நாள் வரை முன்னதாகவே அறுவடைக்கு வந்துவிடும். விதைச் செலவில் ஒற்றை நாற்று முந்துகிறது: ஏக்கருக்கு 2 முதல் 3 கிலோ போதும்.

என்னை முடிவெடுக்க வைத்தது களை. நேரடி விதைப்பில் நெல்லும் களையும் ஒரே நாளில் முளைக்கின்றன. முளைவிதை அழுகிவிடும் என்பதால் முதல் சில நாட்களுக்குத் தண்ணீர் கட்டி களையை அமுக்கவும் வழியில்லை. இருபதாம் நாள் இறங்கிப் பார்த்தபோது, வரிசைக்குள்ளேயே குதிரைவாலிப் புல் நெல்லோடு நெல்லாக நின்றது. இலை தண்டைத் தழுவும் இடத்தைப் பிரித்துப் பார்த்தேன். நெல்லில் அங்கே மெல்லிய வெண்சவ்வு நீட்டிக்கொண்டிருக்கும், புல்லில் அது இருக்காது. ஒவ்வொரு தூராகக் குனிந்து பார்த்துப் பிடுங்கியதில் நடவில் மிச்சமான ஆட்கூலி முழுவதும் களையெடுப்பில் போயிற்று.

ஒற்றை நாற்றிலும் களை வரத்தான் செய்கிறது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைச் சற்றுக் காயவிட்டு மறுபடி நீர் விடுவதால் சற்று அதிகமாகவே வருகிறது. ஆனால் 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுரமாக நடுவதால் உருளும் களைக்கருவியை நெடுக்கிலும் ஓட்டலாம், குறுக்கிலும் ஓட்டலாம். நட்ட பத்தாம் நாள் தொடங்கி, பத்து நாளுக்கு ஒருமுறை என்று நாற்பதாம் நாள் வரை ஓட்டுகிறேன். களை சேற்றில் அமுங்கி மட்கிவிடுகிறது, வேர்ப்பகுதிக்குக் காற்றும் கிடைக்கிறது. தூரை ஒட்டி நிற்பவற்றை மட்டும் கையால் எடுத்தால் போதும். டிரம் சீடர் வரிசையில் கருவி ஒரு திசையில்தான் போகும். வயலில் மெல்லிய நீர்ப்படலம் இல்லாவிட்டால் கருவி சேற்றில் ஒட்டிக்கொண்டு கையை வாங்கிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்த வேலை எதுவும் வயல் விழாவில் தெரியாது. விழா நடப்பது கதிர் முற்றும் நேரத்தில், களை மறைந்த பிறகு. எனவே, எத்தனை முறை களையெடுத்தார்கள், எத்தனை ஆள் இறங்கினார்கள் என்று திடலைப் பராமரித்தவரிடமே கேளுங்கள். தூர் எண்ணும்போது வரப்போரப் பயிரை எண்ணாதீர்கள். வெளிச்சம் கூடுதலாகப் படுவதால் அது எப்போதும் வாளிப்பாகவே இருக்கும். நாலடி உள்ளே இறங்கிப் பாருங்கள். ஒற்றை நாற்றில் தூருக்கு இத்தனை கதிர் என்று வியப்பதைவிட, ஒரு சதுர மீட்டரில் மொத்தம் எத்தனை கதிர் என்று இரு பக்கமும் எண்ணுவதே நியாயமான ஒப்பீடு.

நேரடி விதைப்பை நான் ஒரே ஒரு பருவம்தான் செய்தேன், அதுவும் களைக்கொல்லி இல்லாமல். நிலத்தை இன்னும் நன்றாகச் சமன்செய்து, களைக்கொல்லியும் அடிப்பவருக்கு என் கணக்கு மாறலாம். பதினான்கு நாள் நாற்றைப் பறித்த அரைமணி நேரத்துக்குள் நட ஆள் கிடைக்காத இடத்தில் டிரம் சீடரே மேல். நாற்று முதிர்ந்தால் பக்கத்தண்டுகள் விட்டுத் தூர் கட்டுவது குறைந்து, ஒற்றை நாற்றின் பயனே போய்விடும்.

என் நிலத்தில் தண்ணீர் வடியாத பள்ளப் பகுதி ஒன்று இருக்கிறது. இளநாற்று அங்கே மூழ்கிவிடும், முளைவிதை அழுகிவிடும். அந்த ஒரு துண்டில் மட்டும் வளர்ந்த நாற்றைக் குத்துக்கு இரண்டு மூன்றாக நடும் பழைய நடவையே தொடர்கிறேன்.