வீட்டுப் பிளான் கீறித் தந்த டவுன் ஒபிஸ்: குடுத்த காசு பெறுமதியா?

அஞ்சாந்தரம் மாத்தின பிளான்லதான் இப்ப எங்கட வீட்டுக்கு அத்திவாரம் போட்டுக்கிடக்கு, அதால இனி இந்த ஒபிஸைப் பற்றி எழுதலாம். பெயர் போடமாட்டன், ஏனெண்டா கொஞ்சம் குறையும் சொல்லப்போறன், திருகோணமலை சின்ன ஊர். டவுனுக்குள்ள மாடிப்படி ஏறிப்போற ரெண்டு அறை ஒபிஸ், கீழ வாசல் நிழலில அனேகமா ரெண்டு மான் படுத்துக்கிடக்கும், விலத்தித்தான் ஏறோணும். ஒரு அண்ணையும் ஒரு தங்கச்சியும் இருக்கினம், அண்ணை கதைப்பார், தங்கச்சி கீறுவா.

எங்கட காணி உப்புவெளிப் பக்கம், 20 பேர்ச், கிட்டத்தட்ட 5,400 சதுர அடி. இப்போதைக்கு கீழ்த்தட்டு மட்டும், 1400 சதுர அடி, மூண்டு அறை, பிறகு காசு சேர்ந்தா மேலயும் கட்டுறது எண்டு எண்ணம். வீட்டில நான், மனிசி, ரெண்டு பிள்ளையள், முழங்கால் ஒப்பரேசன் செய்த அம்மா. சதுர அடிக்கு 35 ரூபாப்படி 49,000 கேட்டவை, மூண்டு தரம் மாத்துறது அதுக்குள்ள அடக்கம், அதுக்கு மேல ஒவ்வொருக்காலும் 5,000. அப்ப எனக்கு சிரிப்புத்தான் வந்தது, ஒரு வீட்டை யார் மூண்டு தரத்துக்கு மேல மாத்துவினம் எண்டு.

முதல் பிளான் நாங்க பேஸ்புக்கில இருந்து இறக்கிக் குடுத்த படத்தின்ட கொப்பிதான், அது அவையின்ட குறை இல்ல. வீட்ட கொண்டுவந்து மேசையில விரிக்க, எட்டாம் வகுப்புப் படிக்கிற மகன் சும்மா விரலை வைச்சு படிக்கட்டுக் கோடுகளை எண்ணினான், 12 படி. நிலத்தில இருந்து மேல் சிலாப் வரைக்கும் 10 அடி, 120 அங்குலம், 12 ஆல பிரிச்சா ஒரு படி 10 அங்குல உயரம், அம்மாவை விடுங்க நானே பிடிச்சுப் பிடிச்சுத்தான் ஏறோணும். படி 7 அங்குலத்துக்குக் கிட்ட வரோணுமெண்டா 17 போடோணும், அப்பிடிப் போட்டா ஹோலில பாதி போயிடும். இதைச் சொல்ல அண்ணை கோவிக்கேல்ல, தங்கச்சியிட்ட ஸ்கேலை வாங்கி தானே அளந்து பாத்திட்டு "தம்பி சொன்னது சரிதான்" எண்டார். பிறகு அவரே, மேல்தட்டை எண்டைக்காவது வாடகைக்கு விடுறதெண்டா படி வெளியால இருக்கிறதுதான் வசதி எண்டு சொல்லி வீட்டின்ட வடக்குப் பக்கத்துக்குத் தூக்கிப் போட்டார். ஹோல் தப்பிச்சுது.

இன்னொண்டு, பிளான்ல 10க்கு 10 எண்டு எழுதியிருந்தா அது சுவருக்கு உள் அளவா, சுவரின்ட நடுவில இருந்து நடுவுக்கா எண்டு கட்டாயம் கேளுங்க. எங்கட பிளான் நடு அளவு. 6 அங்குலக் கல்லும் ரெண்டு பக்கப் பூச்சும் சேர 7 அங்குலம் வரும், அது முழுக்க அறைக்குள்ள இருந்துதான் போகும். 5 அடிக் கட்டிலும் 2 அடி அலுமாரியும் போட்டா 3 அடி மிஞ்சும் எண்டு மனிசி கணக்குப் பாத்து வைச்சிருந்தவ, உண்மையில மிஞ்சுறது 2 அடி 5 அங்குலம், அலுமாரிக் கதவைத் திறக்கிற ஆள் கட்டில்ல ஏறி நிக்கவேண்டியதுதான். ரெண்டாந்தரம் மாத்தினது இதுக்காக.

இனி இந்த ஒபிஸை நான் எல்லாருக்கும் சொல்லுறதுக்குக் காரணம் வாறன். மூண்டாவது பிளான் முடிய அண்ணை ஒரு ஞாயிறு காலமை காணிக்கு வந்து, கட்டை அடிச்சு நைலோன் நூல் கட்டி, சுவர் வாற இடமெல்லாம் சுண்ணாம்பு தூவி, கதவு வாற இடத்தை மட்டும் விட்டு, முழு வீட்டையும் மணலில கீறிக் காட்டினார். அதுக்குத் தனிக் காசு வாங்கேல்ல. அம்மாவை ஒரு பிளாஸ்டிக் கதிரையில அவவின்ட "அறைக்குள்ள" இருத்திப்போட்டு, "அம்மா, ராத்திரி ரெண்டு மணி, டொய்லெட்டுக்குப் போங்கோ பாப்பம்" எண்டார். அம்மா பொல்லை ஊண்டிக்கொண்டு எழும்பி ஹோலைக் கடந்து, சாப்பாட்டு மேசையைச் சுத்தி, 31 அடி எடுத்து வைச்சுத்தான் போய்ச் சேர்ந்தா. போய் நிண்டு திரும்பிப் பாத்து, "இதைவிட நான் பக்கத்து வீட்டுக்கே போகலாம்" எண்டா. எல்லாருக்கும் சிரிப்பு, ஆனா எனக்கு உள்ளுக்க சுருக்கெண்டது, மூண்டு மாசமா பிளானைப் பாத்துக்கொண்டிருக்கிற எனக்கு இது விளங்கேல்லயே. மூண்டாந்தரம் மாத்தினது இதுக்காக: இப்ப அம்மாவின்ட அறையோட சேர்ந்த பாத்ரூம், கதவு 3 அடி, வாசல்ல படி இல்ல, கதவு வெளிப்பக்கம் திறக்கும். உள்ள ஆள் விழுந்தா உள்ளுக்குத் திறக்கிற கதவைத் தள்ளேலாது எண்டதும் அவர் சொல்லித்தான் தெரியும்.

குசினியும் அண்டைக்குத்தான் பிடிபட்டது. வாஸ்துப்படி அக்கினி மூலையில, தென்கிழக்கில சரியா இருந்தது, நிலையம் பாத்தவருக்கும் சந்தோசம். ஆனா கிழக்குப் பக்கத்தை அடைச்சு வெளி டொய்லெட் ஒண்டு. எங்கட பக்கம் வைகாசி ஆனியில கச்சான் காத்து மேற்கால சுடச்சுட அடிக்கும், அந்தக் காத்து உள்ள வந்தா கிழக்கால வெளிய போக வழி வேணும், இல்லாட்டி பொரிக்கிற புகை முழுக்க ஹோலுக்குள்ளதான். மனிசி கேட்டது அதைவிட நேரடி, "மீன் எங்க இருந்து வெட்டுறது?" பளபளக்கிற பான்ட்ரியில சூரை மீன் வெட்ட ஏலுமோ. நாலாந்தரம் மாத்தின பிளான்ல டொய்லெட் தெற்குக்குப் போய், கிழக்கில ஒரு சின்னப் பின் விறாந்தை வந்தது, தண்ணிக் குழாய், உயரம் குறைஞ்ச ஒரு கொங்கிரீட் கட்டு. மாரியில வாடைக்காத்தோட அந்தப் பக்கம்தான் சாரல் அடிக்கும் எண்டு கூரையை 4 அடி வெளிய இழுத்துவிட்டவை.

அஞ்சாந்தரம் மாத்தினதுக்குக் காரணம் குழி. எங்கட கிணத்துக்கும் மலக்குழிக்கும் 50 அடி விட்டுத்தான் கீறியிருந்தது, ஆனா தங்கச்சி ஒருநாள் போன் எடுத்து "பக்கத்துக் காணிக் கிணறு எங்க கிடக்கு அண்ணா?" எண்டு கேட்டா. மதிலுக்கு அங்கால, எங்கட குழியில இருந்து 20 அடி கூட வராது. மணல் தரை, தண்ணியும் மேலயே கிடக்கு, அயலோட காலத்துக்கும் சண்டைதான். குழி முன்பக்க மூலைக்கு மாறிச்சு. இதை நாங்க யாரும் கேக்கேல்ல, பிள்ளை தானா யோசிச்சது.

இனிக் குறை. முதலாவது, சொன்ன நாளில ஒண்டும் வராது, "நாளைக்கு" எண்டா வாறகிழமை எண்டு எடுங்க. ரெண்டாவது, கலரில வீட்டை வெளியால காட்டுற திரீடீ படத்துக்கு 15,000 வாங்கிச்சினம், அதில இருக்கிற புல்லுத்தரையும் காரும் எங்களிட்ட இல்ல, உள்ளுக்கு ஒரு சுவர் எங்க வருது எண்டு அது காட்டவும் இல்ல, மாமியார் வாட்ஸ்அப்பில அனுப்பத்தான் உதவிச்சு. மூண்டாவதுதான் பெரிசு: பேங்க் லோனுக்குக் குடுத்த பீஓகியூவை, அதுதான் என்ன வேலைக்கு எவ்வளவு சாமான், எவ்வளவு காசு எண்ட கணக்கை, நாலாந்தரம் மாத்தின பிளானை வைச்சுப் போட்டுட்டினம், அப்ரூவலுக்குப் போனது அஞ்சாந்தரம் மாத்தினது. பேங்கில இருந்த பிள்ளை ரெண்டையும் பக்கத்தில வைச்சுப் பாத்து திருப்பி அனுப்பிப்போட்டுது, எங்களுக்கு மூண்டு கிழமை போச்சு. திருத்தித் தந்தவை, காசு கேக்கேல்ல, ஆனா சொறி எண்டு ஒரு வார்த்தையும் இல்ல. அண்டையில இருந்து ஒவ்வொரு தாளிலயும் மூலையில திகதியும் நம்பரும் போடச்சொல்லித்தான் வாங்குறன்.

பிரதேச சபை அலுவல் அவையே பாத்தவை, அதில கரைச்சல் இல்ல. கடலில இருந்து 300 மீற்றருக்குள்ள காணி இருக்கிற ஆக்களுக்கு கரையோரம் பேணல் திணைக்களத்தின்ட அனுமதியும் வேணும், எங்கடது அதுக்கு வெளிய எண்டதால அந்த அலைச்சல் தப்பிச்சுது.

மொத்தம் 74,000 முடிஞ்சுது, திரீடீயை எடுக்காட்டி 59. அஞ்சுக்கு நாலு குடுப்பன். போறதெண்டா காணி உறுதியும் சேவேயர் பிளானும் கொப்பி எடுத்துக்கொண்டு போங்க, வீட்டில சமைக்கிற ஆளையும் கூட்டிக்கொண்டு போங்க, புதன்கிழமையில போகாதீங்க, அண்ணை சைட்டில நிப்பார், மான் மட்டும்தான் நிக்கும்.