கேலப் வில்லியம்ஸின் முதல் சீசன்: 68 சாக்கும் 6 இன்டர்செப்ஷனும் ஒரே கணக்கு

அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லில், சிகாகோ பேர்ஸ் அணி 2024 டிராஃப்டில் (புதுமுகங்களை அணிகள் வரிசையாக எடுக்கும் தேர்வு) முதல் ஆளாக எடுத்த குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) கேலப் வில்லியம்ஸ், 17 ஆட்டங்களிலும் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி முதல் சீசனை முடித்துவிட்டார். எறிந்த 562 பாஸில் 351 சேர வேண்டிய கைக்குச் சேர்ந்தன. 3,541 யார்டு, 20 டச்டவுன், 6 இன்டர்செப்ஷன், அதாவது எதிரணி பறித்த பாஸ். காலால் ஓடி எடுத்தது 489 யார்டு. அணி வென்றது 5, தோற்றது 12. நடுவில் தொடர்ந்து 10 தோல்வி. 2025 சீசன் தொடங்கும் முன் என் மதிப்பீடு இது: ஆள் தேறுவார், கை அபாரம், ஆனால் காலில் ஒரு பழக்கம் இருக்கிறது. அதைத் திருத்தாமல் எந்தப் பயிற்சியாளரை மாற்றினாலும் பலன் பாதிதான்.

இந்த சீசனைப் புகழ்பவர்கள் 6 இன்டர்செப்ஷனைக் காட்டுகிறார்கள். குறை சொல்பவர்கள் 68 சாக்கைக் காட்டுகிறார்கள். பந்தை எறிவதற்கு முன்பே எதிரணி பிடித்துச் சாய்ப்பதுதான் சாக். 2024-ல் லீகிலேயே அதிகம் சாய்க்கப்பட்டவர் இவர்தான். 2002-ல் ஹூஸ்டனின் டேவிட் கார் வாங்கிய 76தான் எல்லாக் காலத்துக்குமான உச்சம். அதற்கு வெகு தூரத்தில் இவர் இல்லை. இந்த இரண்டு எண்களையும் தனித்தனியாக வைத்துப் பேசுவதில்தான் பிழை. சந்தேகமான பாஸை எறியாமல் கையிலேயே வைத்திருந்ததால் இன்டர்செப்ஷன் குறைந்தது. கையிலேயே வைத்திருந்ததால் சாக் ஏறியது. விக்கெட் போகக்கூடாது என்று பந்துக்குப் பந்து தடுத்தாடி, ரன் ரேட்டை ஏறவிடும் மட்டையாளரின் கணக்கு இது.

ஆறு இன்டர்செப்ஷனில் ஐந்து, சீசனின் முதல் ஆறு ஆட்டங்களுக்குள் வந்தவை: ஹூஸ்டனிடம் 2, இண்டியானாபோலிஸிடம் 2, லண்டனில் ஜாக்சன்வில்லிடம் 1. அதன் பிறகு டிசம்பர் கடைசியில் சியாட்டில் ஆட்டம் முடியும் தறுவாய் வரை ஒன்றுகூட இல்லை. தொடர்ந்து 353 பாஸ்; புதுமுக ஆட்டக்காரர்களில் இது சாதனை. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அதே காலத்தில்தான் நியூ இங்கிலாந்து ஒரே ஆட்டத்தில் 9 முறை சாய்த்தது, சான்ஃபிரான்சிஸ்கோ 7, சியாட்டில் 7.

அதே டிராஃப்டில் வந்த டென்வரின் போ நிக்ஸைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 567 பாஸ், கிட்டத்தட்ட இவர் எறிந்த அளவுதான். இன்டர்செப்ஷன் 12, இவரைப் போல இரண்டு மடங்கு. ஆனால் சாக் 24 மட்டுமே. டச்டவுன் 29. அணி 10 வெற்றியோடு பிளேஆஃப் போனது. டென்வரின் லைன், அதாவது குவார்ட்டர்பேக்கைக் காக்கும் ஐந்து பேர் வரிசை, சிகாகோவினுடையதைவிட எவ்வளவோ மேல் என்பதைக் கழித்துக்கொண்டாலும், இடைவெளி பெரிது. வில்லியம்ஸின் சாக்குகளால் அணி இழந்தது 466 யார்டு. அதைக் கழித்துவிட்டு, எறிந்த பாஸையும் சாக்கையும் சேர்த்து வகுத்தால், பாஸுக்கென்று பின்வாங்கிய ஒவ்வொரு முறையும் கிடைத்தது 5 யார்டுக்கும் கொஞ்சம் குறைவு. அந்த சீசனில் மொத்த யார்டுக் கணக்கில் பேர்ஸ் லீகிலேயே கடைசி.

சரி, 68-ம் யாருடைய தவறு? வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் மூன்று வகை தெரியும்.

முதல் வகை, லைன் வாங்கிக்கொடுத்தது. ஸ்னாப் ஆன, அதாவது சென்டர் பந்தைப் பின்னால் கொடுத்த, இரண்டரை வினாடிக்குள் சென்டருக்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு கார்டு தோற்று, எதிராளி நேராக நெஞ்சுக்கு வந்துவிடுவது. 2024-ல் பேர்ஸின் உட்பக்கம், அதாவது சென்டரும் இரண்டு கார்டுகளும், வாரத்துக்கு வாரம் மாறிக்கொண்டே இருந்தது. நேட் டேவிஸை நடு சீசனில் அணியே விடுவித்தது. லைனின் இடது முனையில் நிற்கும் லெஃப்ட் டேக்கிள் பிராக்ஸ்டன் ஜோன்ஸ் டிசம்பரில் கணுக்கால் முறிந்து வெளியேறினார். உட்பக்கம் உடைந்தால் குவார்ட்டர்பேக்குக்கு முன்னே அடியெடுத்து வைக்க இடமே இருக்காது. இந்த வகைக்கு அவரைக் குறை சொல்ல முடியாது.

இரண்டாவது, ஸ்னாப்புக்கு முன்பே நடக்கும் தவறு. எதிரணி ஆறு பேரை அனுப்பப்போகிறது, தடுக்க ஐந்து பேர்தான் இருக்கிறார்கள் என்றால், மிஞ்சும் அந்த ஒருவனுக்குப் பதில் சொல்ல வேண்டியது குவார்ட்டர்பேக். ஒன்று, தடுப்பை அந்தப் பக்கம் திருப்பச் சொல்ல வேண்டும். இல்லையென்றால், அவன் விட்டுவந்த காலி இடத்துக்கு ஓடும் ரிசீவருக்கு உடனே எறிய வேண்டும். வில்லியம்ஸ் பல முறை ஆபத்தைக் கண்டார், ஆனால் உடனே எறியும் அந்தச் சின்ன பாஸைத் தேடவில்லை. சில ஆட்டத் திட்டங்களில் அப்படியொரு பாஸே வைக்கப்படவில்லை என்பதும் உண்மை. அந்தப் பழி ஷேன் வால்ட்ரனுக்குப் போக வேண்டும். நவம்பர் 12 வரை தாக்குதல் ஆட்டத்தைத் திட்டமிட்டவர் அவர்.

மூன்றாவது வகைதான் முழுக்க இவருடையது. ஷாட்கனில், அதாவது சென்டரிலிருந்து சில யார்டு பின்னால் தள்ளி, நின்று பந்தை வாங்குபவர் மூன்று எட்டு பின்வாங்கி, ஒரு ஹிட்ச், அதாவது முன்னோக்கி ஒரு சின்னத் துள்ளல், எடுத்து எறிய வேண்டும். முதல் ஆள் இல்லையா, இன்னொரு ஹிட்ச், அடுத்த ஆள். டேக்கிள்கள் இருவரும் தங்களுக்குப் பின்னால் ஏறக்குறைய 7, 8 யார்டில் குவார்ட்டர்பேக் நிற்பார் என்ற கணக்கில்தான் எதிராளியை வெளிப்பக்கமாகத் தள்ளிவிடுகிறார்கள். வில்லியம்ஸ் முதல் ஆள் இல்லை என்றதும் முன்னே ஏறாமல் பின்னே நழுவுகிறார். 10 யார்டுக்குப் போய்விடுகிறார். டேக்கிள் சரியாகத் தள்ளிவிட்ட ஆள் வளைந்து ஓடி வந்தால், அந்த வளைவின் முடிவில் இவரே நிற்கிறார். பார்ப்பவர்கள் டேக்கிளைத் திட்டுவார்கள். டேக்கிள் செய்ததில் தவறே இருக்காது.

அதோடு முடியவில்லை. பிடியில் சிக்கும் நேரத்திலும் சுழன்று திரும்பி ஓடித் தப்பப் பார்க்கிறார். யூஎஸ்சி கல்லூரியில் இது பலித்தது. 2022-ல் ஹைஸ்மன் விருதையும் வாங்கிக்கொடுத்தது. என்எஃப்எல்லில் லைனின் ஓரத்திலிருந்து பாயும் 120 கிலோ எட்ஜ் ரஷ்ஷரும் ஓட்டப்பந்தயக்காரன் மாதிரி ஓடுகிறான். 4 யார்டில் முடிந்திருக்க வேண்டிய சாக் 12 யார்டில் முடிகிறது. செகண்ட் அண்டு 10 (இரண்டாம் முயற்சி, 10 யார்டு தேவை) இருந்த இடத்தில் தேர்ட் அண்டு 22 வந்தால் அந்தத் தாக்குதல் அங்கேயே செத்தது. பந்தை எல்லைக்கோட்டுக்கு வெளியே வீசியிருந்தால் ஒரு யார்டுகூடப் போயிருக்காது. 68-ல் இருபதுக்குக் குறையாமல் இந்தக் கணக்கில் எழுதுவேன்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஆள் தேறுவார் என்று நான் சொல்வதற்குக் காரணம் மூன்று ஆட்டங்கள். வால்ட்ரனை நீக்கிவிட்டு தாமஸ் பிரவுனிடம் பொறுப்பைக் கொடுத்ததும் ஆட்டத்தின் வேகம் மாறியது. பந்து சீக்கிரம் கையைவிட்டுப் போனது. பக்கவாட்டுப் பாஸ்களும் குறுக்கே ஓடும் ரூட்டுகளும் வந்தன. ஓட வேண்டிய இடத்தில் தயங்காமல் ஓடினார். கிரீன் பேயிடம் 31 பாஸில் 23 சேர்ந்தன, 231 யார்டு, ஓட்டத்தில் 70. மினசோட்டாவிடம் 340 யார்டு, 2 டச்டவுன். நன்றித் திருநாளில் டெட்ராய்ட்டிடம் பாதி ஆட்டத்தில் 0-16 என்று பின்தங்கிய பிறகு 3 டச்டவுன். மூன்றிலும் ஒரு இன்டர்செப்ஷன்கூட இல்லை. மூன்றும் தோல்விதான்: 19-20, 27-30, 20-23. மூன்றையும் சேர்த்தால் வித்தியாசம் 7 புள்ளி. கிரீன் பே ஆட்டத்தில் கடைசி உதை தடுக்கப்பட்டது, மினசோட்டா ஆட்டம் ஓவர்டைம் போனது. ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் இவர் கை நடுங்குவதில்லை. புதுமுகத்திடம் இதைப் பார்ப்பது அரிது. இதை எந்தப் பயிற்சியாளராலும் கற்றுக்கொடுக்க முடியாது.

டெட்ராய்ட் ஆட்டத்தின் முடிவை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். 32 வினாடி மிச்சம், கையில் ஒரு டைம்அவுட், ஒரு சாக்கில் பந்து எதிரணியின் 41 யார்டுக்குப் பின்வாங்கிவிட்டது. அடுத்த ஸ்னாப் வரும்போது கடிகாரத்தில் 6 வினாடி. டைம்அவுட் கையிலேயே இருக்க ஆட்டம் முடிந்தது. மறுநாள் தலைமைப் பயிற்சியாளர் மேட் எபர்ஃப்ளஸை நீக்கினார்கள். சீசன் நடுவில் தலைமைப் பயிற்சியாளரை பேர்ஸ் நீக்கியது அதுவே முதல் முறை. டைம்அவுட் எடுத்திருக்க வேண்டியவர் எபர்ஃப்ளஸ் என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் எழுந்து வந்து வரிசையைச் சீக்கிரம் நிறுத்தி, எளிய பாஸ் ஒன்றைச் சொல்லியிருக்க வேண்டியது குவார்ட்டர்பேக். அதில் வில்லியம்ஸுக்கும் பங்கு உண்டு.

அதன் பிறகு பிரவுன் தற்காலிகத் தலைமைப் பயிற்சியாளராகவும் ஆக்கப்பட்டார். ஒரே ஆள் இரண்டு வேலை. அடுத்த ஆட்டத்தில் சான்ஃபிரான்சிஸ்கோவிடம் முதல் பாதியில் அணி எடுத்த மொத்த யார்டு 4. ஒரே சீசனில் ஒரு புதுமுகத்துக்குத் திட்டமிடுபவரும் தலைமைப் பயிற்சியாளரும் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

நீளமான பாஸ் இன்னொரு குறை. டிஜே மூர், கீனன் ஆலன், ரோம் ஒடூன்சே என்று மூன்று நல்ல ரிசீவர்கள் இருந்தும், 20 யார்டுக்கு மேல் போன பந்துகள் பல ஓடுபவனைத் தாண்டியே விழுந்தன. ஒரு பாஸுக்கு 6.3 யார்டுதான் தேறியது. அதே டிராஃப்டில் வந்த வாஷிங்டனின் ஜெய்டன் டேனியல்ஸுக்கு 7.4. இது கைவலிமைக் குறைவு இல்லை. பந்தை உயரமாகத் தூக்கி ரிசீவரை அதன் கீழே ஓடவிடாமல், நேர்கோட்டில் விரட்டி எறிகிறார். பயிற்சியில் சரியாகக்கூடியது, எனவே நான் பெரிதாகக் கவலைப்படவில்லை.

முதல் ஆண்டு எண்களை வைத்து ஆயுள் ஜாதகம் எழுதுவது ஆபத்து. பேட்டன் மானிங் 1998-ல் 28 இன்டர்செப்ஷன் கொடுத்தார், அணிக்கு 3 வெற்றி, 13 தோல்வி. மறு ஆண்டு அதே அணிக்கு 13 வெற்றி, 3 தோல்வி. ஹூஸ்டனின் சிஜே ஸ்ட்ரவுட் 2023-ல் 23 டச்டவுன், 5 இன்டர்செப்ஷன் என்று அசத்தினார். 2024-ல் அது 20 டச்டவுன், 12 இன்டர்செப்ஷன் ஆனது, சாக் 38-லிருந்து 52-க்கு ஏறியது. இன்டர்செப்ஷன் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு இப்படித்தான் ஆடும். தட்டிவிட்ட பந்து யார் கையில் விழுகிறது என்ற அதிர்ஷ்டமும் அதில் இருக்கிறது. சாக் விகிதம் அப்படி இல்லை. அணி மாறினாலும் அது பெரும்பாலும் குவார்ட்டர்பேக்கோடு கூடவே போகும். வில்லியம்ஸ் விஷயத்தில் என் கண் அங்கேயே நிற்பதற்குக் காரணம் இதுதான்.

2025-க்கு சிகாகோ செய்திருக்கும் செலவு சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. கான்சஸ் சிட்டியிலிருந்து ஜோ தூனி, ராம்ஸிலிருந்து ஜோனா ஜாக்சன், அட்லாண்டாவிலிருந்து சென்டர் ட்ரூ டால்மன்: உட்பக்கம் மூன்று பேரும் புதியவர்கள். மேலே நான் சொன்ன முதல் வகை சாக்குகளில் பெரும்பகுதி இதிலேயே போய்விடும். தலைமைப் பயிற்சியாளர் பென் ஜான்சன், மூன்று சீசன் டெட்ராய்ட்டின் தாக்குதலை நடத்தியவர். ஜாக்சன் அங்கேயே அவரிடம் ஆடியவர், அழைப்புகள் தெரியும்.

இடறக்கூடிய இடமும் இங்கேதான். ஜான்சனின் ஆட்டத்தில் குவார்ட்டர்பேக் சென்டருக்கு நேர் பின்னால் நின்று பந்தை வாங்கி, ஓட்டக்காரனிடம் கொடுப்பதுபோல் போக்குக் காட்டி, எதிரணிக்கு முதுகைக் காட்டித் திரும்பி எறிவது அதிகம். கல்லூரியிலிருந்தே ஷாட்கனில் நின்று, முழு மைதானத்தையும் பார்த்தபடி ஆடியவர் வில்லியம்ஸ். முதுகைக் காட்டும் அந்த ஒரு வினாடியில் எதிரணி இடம் மாறினால், திரும்பியதும் மறுபடி கண்டுபிடிக்க வேண்டும். முதல் சில வாரங்களில் தடுமாற்றம் கட்டாயம் வரும். அதைப் பார்த்து இவரை டிராஃப்டில் எடுத்தது சரியில்லை என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். ஒப்பந்தம் நான்கு ஆண்டு, ஐந்தாம் ஆண்டை நீட்டிப்பதா என்ற முடிவை அணி மூன்றாவது சீசனுக்குப் பிறகு எடுத்தால் போதும். அவசரமே இல்லை.

2025 செப்டம்பர் 8, திங்கள் இரவு, சோல்ஜர் ஃபீல்டில் மினசோட்டாதான் முதல் எதிரணி. அவர்களுடைய தடுப்பாட்டத்தை நடத்துபவர் பிரையன் ஃபுளோரஸ். ஏழு பேரை வரிசையில் நிறுத்தி நான்கு பேரை மட்டும் அனுப்புவார், அடுத்த முறை ஏழு பேரையும் அனுப்புவார். தேர்ட் டவுனில் ஸ்கோரைப் பார்க்காதீர்கள், வில்லியம்ஸின் பின்னங்காலைப் பாருங்கள். முதல் ஆள் மூடியிருக்கும்போது அந்தக் கால் முன்னே ஏறுகிறதா, பின்னே நழுவுகிறதா? பத்து தேர்ட் டவுனில் ஏழில் முன்னே ஏறினால், அன்றைக்குத் தோற்றாலும் சீசன் சாக் கணக்கு நாற்பதுக்குக் கீழே நிற்கும்.